பாதியில் நின்றுபோகும் ஜெபம்

கேள்வி: ஐயா, எனக்கு 49 வயது. தென்மாவட்டத்தில் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவள். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையான என் அம்மாவை இரண்டு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு ராத்திரி, மூன்றாவது தடவையாகப் படுக்கைத் துணியை மாற்றும்போது, "சீக்கிரம் போய்ச் சேர்ந்தா உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி" என்று கத்திவிட்டேன். அம்மாவுக்குப் பேச்சு வராது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனார்கள். அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் "பரிசுத்தமுள்ள தேவனே" என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. திருவிருந்தும் எடுப்பதில்லை. என் மகளுக்குக் கல்யாணமாகி நான்கு வருடம், குழந்தை இல்லை. ஜெபக்குழு நடத்தும் ஒரு சகோதரி, "உங்களிடம் மறைவான பாவம் ஒன்று இருக்கிறது, அதுதான் தடை" என்று சங்கீதம் 66:18ஐ எடுத்துக் காட்டினார். நான் யாரிடமும் சொல்லாதது அவருக்கு எப்படித் தெரிந்தது? இப்போதெல்லாம் பெரிய ஊழியர்களுக்குக் காணிக்கை அனுப்பி எங்களுக்காக ஜெபிக்கச் சொல்கிறேன். "தைரியமாய்க் கிருபாசனத்தண்டையிலே சேரக்கடவோம்" என்று வேதம் சொல்கிறதே, அந்தத் தைரியம் எனக்கு எப்படி வரும்? கடைசியாக ஒன்று: முழங்கால் வலியால் படுத்துக்கொண்டே ஜெபிக்கிறேன், பாதியில் தூங்கிவிடுகிறேன். அதுவும் தவறா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த ஜெபக்குழு சகோதரியின் விஷயத்தைப் பேசிவிடுவோம். அது உங்களை ரொம்பவே மிரட்டியிருக்கிறது. நாற்பது வயதைத் தாண்டிய எவரிடமாவது போய், "உங்களிடம் மறைவான பாவம் ஒன்று இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள், முகம் வெளுக்கும். என்னிடம் சொன்னாலும் வெளுக்கும். 36 வருடம் சபை ஊழியம் செய்து ஓய்வு பெற்றவன் நான். மறைவாக ஒன்றுமே இல்லாத ஆளை அத்தனை வருடத்தில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. அவருக்கு உங்களைப் பற்றி எதுவும் தெரியாது. எல்லார் காலுக்கும் பொருந்துகிற செருப்பைப் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். இது குறி சொல்வதற்குப் பக்கத்து வீடு.

அவர் காட்டிய வசனம் மெய்யான வசனம்தான். "என் இருதயத்தில் அக்கிரமசிந்தை கொண்டிருந்தேனானால், ஆண்டவர் எனக்குச் செவிகொடார்." ஆனால் அடுத்த வசனத்தை வாசித்தீர்களா? "மெய்யாய் தேவன் எனக்குச் செவிகொடுத்தார், என் ஜெபத்தின் சத்தத்தைக் கேட்டார்." 18ஐ மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு 19ஐ விட்டுவிடுவது வேதத்தைக் கத்தரிக்கோலால் வாசிக்கிற வாசிப்பு. 'கொண்டிருந்தேனானால்' என்ற சொல்லையும் பாருங்கள். அக்கிரமத்தை மடியில் வைத்துத் தடவிக்கொடுப்பவனைப் பற்றிய பேச்சு அது. மூன்று வருடமாக ஒரு வாக்கியத்தை நினைத்து அழுகிறவளைப் பற்றியது அல்ல.

இனி அந்த ராத்திரிக்கு வருகிறேன்.

நீங்கள் வாய்விட்டு எழுதாவிட்டாலும் உங்கள் பயம் எனக்குத் தெரிகிறது. சொன்ன சொல் பலித்துவிட்டது, எட்டே நாளில் பலித்துவிட்டது என்று நினைக்கிறீர்கள். இல்லை, சகோதரி. பக்கவாதம் வந்து மாதக்கணக்கில் படுத்துக் கிடப்பவர்களுக்கு விழுங்குவது சரியாக வராது, நெஞ்சில் சளி சேரும், காய்ச்சல் வரும். அப்படித்தான் பலபேர் போகிறார்கள். அதற்கும் உங்கள் வாய்க்கும் சம்பந்தம் இல்லை. நீதிமொழிகள் 26:2 இதை எவ்வளவு அழகாகச் சொல்கிறது: "அடைக்கலான் குருவி அலைந்துபோவதுபோலும், தகைவிலான் குருவி பறந்துபோவதுபோலும், காரணமில்லாமலிட்ட சாபம் தங்காது." நீங்கள் சொன்னது அசல் சாபம்கூட இல்லை. தூக்கம் கெட்ட ஓர் உடம்பு போட்ட சத்தம்.

ஆனாலும் அது ஒன்றுமே இல்லை என்று சொல்லி உங்களைத் தட்டிக்கொடுக்க மாட்டேன். பேச முடியாத அம்மாவைப் பார்த்து அப்படிச் சொன்னது வலிக்கிற காரியம். உங்களுக்கு வலிப்பது சரிதான். நான் கேட்பது வேறு. அந்த வலியை எங்கே கொண்டுபோகிறீர்கள்?

எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்தை இன்றைக்கு ஒருதரம் வாசியுங்கள். இறைச்சி வேண்டும் என்று ஜனங்கள் கூடாரத்துக்குக் கூடாரம் அழுகிறார்கள். மோசே பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் ஆண்டவரிடம் வெடிக்கிறார். இவர்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், நானா பெற்றேன் என்று கேட்கிறார். பச்சைக் குழந்தையைத் தூக்கிச் சுமப்பதுபோல என்னை எதற்குச் சுமக்கச் சொல்கிறீர் என்கிறார். என்னால் ஒருவனாய்த் தாங்க முடியாது, "இப்பொழுதே என்னைக் கொன்றுபோடும்" என்று வேண்டுகிறார். ராத்திரி இரண்டு மணிக்கு ஈரத் துணியோடு நின்ற நீங்கள் பேசிய பாஷைக்கு இது ரொம்ப தூரமா? ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. பாரத்தில் பங்கெடுக்க எழுபது மூப்பரைச் சேர்க்கச் சொன்னார். உங்களுக்கு எழுபது பேர் வேண்டாம், வாரத்துக்கு இரண்டு ராத்திரி மாற்றி விட ஓர் ஆள் இருந்திருந்தால் போதும். வாசலோடு நலம் விசாரித்துவிட்டுப் போன சொந்தக்காரர்களும், மாதம் ஒருதரம் தலைமாட்டில் நின்று ஜெபித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுப் போகும் என்னைப் போன்ற ஆயர்களும்கூட இதில் கணக்குக் கொடுக்க வேண்டியவர்கள்தான்.

மோசே அப்படி வெடித்தாரே, எபிரெயருக்கு எழுதின நிருபத்தில் 'தைரியம்' என்று சொல்லியிருப்பது கிட்டத்தட்ட அதைத்தான். தமிழில் தைரியம் என்றதும் நமக்குப் பாம்பை அடிக்கிற தைரியம், இருட்டில் தனியாகப் போகிற தைரியம் ஞாபகம் வருகிறது. அப்படி ஒன்று நெஞ்சுக்குள் ஊறி வரட்டும் என்று காத்திருக்கிறோம். அது வராவிட்டால் விசுவாசம் இல்லை என்று நம்மையே அடித்துக்கொள்கிறோம். மூலத்தில் அங்கே இருப்பது 'பார்ரேசியா' என்ற கிரேக்கச் சொல். பிரித்தால், எல்லாவற்றையும் சொல்லுதல். ஏதென்ஸ் நகரத்துக் குடிமகன் சபையில் எழுந்து மனதில் பட்டதை ஒளிக்காமல் பேசுகிற உரிமைக்கு அந்தப் பெயர் இருந்தது. அடிமைக்கு அந்த உரிமை கிடையாது. ஆக, கேள்வி உங்கள் நெஞ்சு திடமாக இருக்கிறதா என்பது அல்ல. நடுங்குகிற வாயாலும் உள்ளதை உள்ளபடி பேசலாம். பேச உங்களுக்கு இடம் உண்டு, அதுதான் செய்தி.

எந்த இடத்தில் அந்த வசனம் வருகிறது என்பதையும் கவனியுங்கள். 4:16 நமக்கு மனப்பாடம், வாக்குத்தத்த அட்டையிலும் வந்துவிடுகிறது. மூன்று வசனம் மேலே இருப்பதை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை: "சகலமும் அவருடைய கண்களுக்குமுன்பாக நிர்வாணமாயும் வெளியரங்கமாயுமிருக்கிறது." இதைச் சொன்ன கையோடுதான் 'தைரியமாய்ச் சேரக்கடவோம்' என்று எழுதுகிறார். நாமாக இருந்தால் தலைகீழாக எழுதியிருப்போம்: எல்லாம் அவருக்குத் தெரியும், ஆகையால் ஓடி ஒளியுங்கள் என்று. நடுவில் இரண்டே வசனங்கள் வந்து எல்லாவற்றையும் திருப்பிவிடுகின்றன. அங்கே இருக்கிற பிரதான ஆசாரியராகிய இயேசு நம் பலவீனங்களைப் பார்த்துப் பரிதபிக்கிறவர், நம்மைப்போல் சோதிக்கப்பட்டவர். அந்த ராத்திரி அவருக்குத் தெரியாது என்று நினைத்து நீங்கள் மறைத்துக்கொண்டிருந்தால், மறைத்தது உங்களிடமிருந்து மட்டும்தான். "பரிசுத்தமுள்ள தேவனே" என்பதற்கு மேல் வார்த்தை வராமல் போனதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். உள்ளே பெரிதாக ஒன்று கிடக்கிறது. அதைச் சொல்லாமல் அதைச் சுற்றிக்கொண்டு போய் வேறு எதையாவது ஜெபிக்கப் பார்க்கிறீர்கள். வாசலில் கல் கிடந்தால் எந்த வார்த்தை வெளியே வரும்?

கிருபாசனம் என்ற சொல்லிலும் ஒரு நயம் இருக்கிறது. கிரேக்கத்தில் இந்த வசனத்தில் இருப்பது கிருபையின் சிங்காசனம். உடன்படிக்கைப் பெட்டியின் மேல்மூடிக்கு அங்கே வேறு சொல். நம் பழைய மொழிபெயர்ப்பு இரண்டுக்கும் 'கிருபாசனம்' என்றே போட்டுவிட்டது. அதனால் தமிழில் வாசிக்கிறவர்களுக்கு ஒரு லாபம்: சிங்காசனத்தைப் பற்றி வாசிக்கும்போதே அந்தப் பொன் மூடியும் கண்முன் வந்துவிடுகிறது. இரண்டரை முழ நீளம், ஒன்றரை முழ அகலம். ஒரு சின்ன மேசைப் பலகை அளவுதான். அதன் அருகே போகப் பிரதான ஆசாரியர் ஒருவருக்குத்தான் அனுமதி, அதுவும் வருடத்தில் ஒரே நாள், இரத்தம் தெளிக்க. (அவர் உள்ளே செத்துவிட்டால் இழுப்பதற்குக் காலில் கயிறு கட்டியிருப்பார்கள் என்று பிரசங்கங்களில் கேட்டிருப்பீர்கள். நானும் இளவயதில் அதைச் சொல்லி ஜனங்களை நடுங்க வைத்திருக்கிறேன். அங்கியின் ஓரத்தில் மணி உண்டு, யாத்திராகமம் 28இல் இருக்கிறது. கயிறு வேதத்தில் எங்குமே இல்லை.) அப்படிப்பட்ட இடத்துக்குத்தான், இயேசு மரித்தபோது ஆலயத்துத் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்தபிறகு, எல்லாரும் வாருங்கள் என்கிறது நிருபம். எஸ்தர் ராஜாத்தி அழைப்பில்லாமல் ராஜாவிடம் போகும்போது "நான் செத்தாலும் சாகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராஜா பொற்செங்கோலை நீட்டினால் உயிர், இல்லையென்றால் சாவு. அது நீளுமா நீளாதா என்பது வாசலில் நின்றபிறகுதான் தெரியும். உங்களுக்கு அந்தச் சந்தேகம் தேவையில்லை. செங்கோல் முன்கூட்டியே நீட்டப்பட்டிருக்கிறது.

கிழிந்த திரையை ஊசிநூல் எடுத்துத் தைத்த ஒருவனை எனக்குத் தெரியும். அது நான்தான். குருத்துவக் கல்லூரி முடித்து முதன்முதலாக ஒரு தேரிக்காட்டுச் சபைக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பாட்டி, பனையேறியின் விதவை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் அவர்கள் முறை வந்தால் கோழிச் சீக்கிலிருந்து ஆரம்பிப்பார்கள். "ஏன் ஆண்டவரே, மூணு கோழி போயிட்டு, மிச்சம் ரெண்டு. அதையும் கொண்டுபோகப் போறீரோ? பார்த்துக்கிட்டுத்தானே இருக்கீரு?" கூட்டத்தில் பையன்கள் சிரிப்பார்கள். எனக்கு ஒரே கூச்சம். ஒருநாள் தனியே கூப்பிட்டு, "பாட்டி, தேவ சந்நிதியில் கொஞ்சம் பயபக்தியாகப் பேச வேண்டும், முதலில் ஸ்தோத்திரம், பிறகு பாவ அறிக்கை, பிறகு விண்ணப்பம்" என்று வரிசை சொல்லிக் கொடுத்தேன். "சரிங்கையா" என்றார்கள். அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவர்கள் வாயே திறக்கவில்லை. முறை வரும்போது தலையைக் குனிந்துகொண்டு பக்கத்து ஆளைக் கையால் தொட்டுவிடுவார்கள், நீ சொல்லு என்று. ஐந்தாறு மாதம் அப்படியே போனது. நான் அதைப் பயபக்தி என்று எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்த வருடம் என் மூத்த பையனுக்கு டைபாய்டு வந்து, காய்ச்சல் இறங்காமல் பத்து நாள் கிடந்தான். ஒரு சாயங்காலம் பாட்டி வந்தார்கள். நான் கேட்கவும் இல்லை, அவர்கள் வரிசையாக எதுவும் சொல்லவும் இல்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பையன் காலைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஐயருக்கு ஜெபிக்க வரமாட்டேங்கு. நீரே பாத்துக்கிடும்" என்றார்கள். அவ்வளவுதான். அது உண்மை. பத்து நாளாக எனக்கு ஜெபம் வரவே இல்லை, யாரிடமும் சொல்லவும் இல்லை. மறுவாரம் பாட்டியிடம் போய், நான் சொன்னது தப்பு, பழையபடி பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கோழிகள் திரும்பி வந்தன, ஜெபத்துக்குள்.

பயபக்தி வேண்டாமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டும். ஆனால் நாம் ஆண்டவரை 'நீர்' என்கிறோமே, அதையே யோசித்துப் பாருங்கள். திருநெல்வேலிப் பக்கத்தில் 'நீரு' என்று யாரைச் சொல்வார்கள்? முன்பின் தெரியாத அதிகாரியை அல்ல, அவருக்கு 'நீங்க'. மரியாதையும் வேண்டும், நெருக்கமும் உண்டு என்கிற ஆளுக்குத்தான் 'நீரு'. பாட்டி அந்தச் சொல்லை அதன் சொந்த அர்த்தத்தில் பேசினார்கள். நான்தான் அதை வெறும் ஆலயப் பாஷையாக்கி வைத்திருந்தேன்.

பெரிய ஊழியர்களுக்கு எழுதுவது பற்றி. ஒருவருக்காக ஒருவர் ஜெபிப்பது நல்லது, யாக்கோபு அதைச் சொல்லவே சொல்கிறார். ஆனால் அதே மூச்சில், எலியா தீர்க்கதரிசியே "நம்மைப்போலப் பாடுள்ள மனுஷன்" என்றும் சொல்லிவிடுகிறார். தாலுகா ஆபீஸில் மனுவை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே தெரிந்த ஆள் யாராவது உண்டா என்று பார்த்துப் பார்த்து நமக்குப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தோடே பரலோகத்துக்கும் போகிறோம். அங்கே சிபாரிசு செய்ய ஒருவர் இருக்கிறார், அவர் காணிக்கை வாங்குவதில்லை. பணம் அனுப்புவதை நிறுத்துங்கள். உங்களுக்காக ஜெபிக்க ஆள் வேண்டுமென்றால், உங்கள் சபையிலேயே, உங்கள் பெயரும் கதையும் தெரிந்த ஒரு வயதான பெண்ணிடம் போங்கள். அந்த ராத்திரியை ஒரு மனித முகத்திடம் ஒருமுறையாவது சொல்ல வேண்டும். எனக்கு எழுதியது பாதிதான்.

மகள் விஷயம் சுருக்கமாக. உங்கள் வாயில் வந்த ஒரு வார்த்தைக்கு அவள் கர்ப்பப்பையில் தண்டனை கொடுக்கிறவர் அல்ல நம் ஆண்டவர். எசேக்கியேல் 18ஆம் அதிகாரம் முழுவதும் இந்த எண்ணத்தை அடித்து நொறுக்கத்தான் எழுதியிருக்கிறது. மகளும் மருமகனும், இரண்டு பேருமே, ஒரு நல்ல மருத்துவரைப் பார்க்கட்டும். மகளை மட்டும் அனுப்பாதீர்கள்.

தைரியமாகக் கேட்டால் கேட்டது கிடைக்குமா என்ற கேள்வி உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. பொய் சொல்ல மாட்டேன். அந்த வசனம் வாக்குப் பண்ணுவது இரண்டுதான்: இரக்கம், ஏற்ற சமயத்தில் சகாயம். கேட்ட பொருளை அது வாக்குப் பண்ணவில்லை. கெத்செமனேயில் இயேசு நீக்கச் சொல்லிக் கேட்ட பாடுகளின் பாத்திரம் நீங்கவில்லை. என் மனைவிக்காக நான் பதினொரு மாதம் கேட்டேன். அவளும் போய்விட்டாள். கிடைத்த சகாயம் என்ன என்று கேட்டால், அந்தப் பதினொரு மாதமும் நான் ஆண்டவரோடு சண்டை போட்டேன், ஒருநாளும் பேச்சை நிறுத்திக்கொள்ளவில்லை. அதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அது ஒரு பெரிய காரியம்தான்.

சரி, என்ன செய்வது? இன்று ராத்திரி வீட்டில் ஆள் அடங்கியபின், 'பரிசுத்தமுள்ள தேவனே' என்று ஆரம்பிக்காதீர்கள். "ஆண்டவரே, அன்றைக்கு ராத்திரி அம்மாவிடம் இப்படிச் சொன்னேன்" என்று ஆரம்பியுங்கள். சொன்ன வார்த்தையை அப்படியே, வீட்டுத் தமிழில், சத்தமாகச் சொல்லுங்கள். அம்மா பார்த்த பார்வையைச் சொல்லுங்கள். உங்களுக்கு அப்போது எவ்வளவு தூக்கம் வந்தது, இடுப்பு எப்படி வலித்தது, யார் யார் மேல் கோபம், அதையும் சொல்லுங்கள். ஆண்டவர் மேல் கோபம் இருந்தால் அதையும். அப்புறம் 130ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், எட்டே வசனம். "நீர் அக்கிரமங்களைக் கவனித்திருப்பீரானால், யார் நிலைநிற்பான்" என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, அடுத்த வரிக்குப் போங்கள். மன்னிப்புக் கிடைத்த உணர்வு உடனே வராவிட்டால் பரவாயில்லை. உணர்வு பின்னாலேயே நொண்டிக்கொண்டு வரும். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப ஓடித் தூக்கத்தைக் கெடுத்தால், சாப்பாடு இறங்காமல் போனால், ஒரு மனநல மருத்துவரையும் பாருங்கள். ஜெபமும் மருத்துவரும் போட்டிக்கடைகள் அல்ல.

திருவிருந்துக்கு அடுத்த முறை போங்கள். 'பாத்திரமாகிவிட்டு வருகிறேன்' என்று தள்ளிப்போடாதீர்கள். அப்பம் வாங்கும் முன் நம் ஆராதனை முறைமையில் என்ன ஜெபிக்கிறோம்? எங்கள் சுயநீதியை நம்பி வரவில்லை, உம்முடைய மிகுந்த இரக்கத்தை நம்பி வருகிறோம், மேசைக்குக் கீழே விழும் துணிக்கைக்கும் நாங்கள் பாத்திரரல்ல என்று. தானியேல் 9:18இல் இருப்பதும் அதுதான். அதை வாயால் சொல்லிமுடித்துவிட்டு, கொஞ்ச நேரத்தில் பீடத்தண்டை போய்க் கையை நீட்டுகிறோம். பாத்திரரல்ல என்று சொன்ன அதே ஆட்கள். வருடக்கணக்கில் அந்த நீட்டிய கைகளில் அப்பம் வைத்தவன் நான். நகத்தில் மஞ்சள் கறை, கரிக்கோடு, பீடி சுற்றிய விரல், நடுங்குகிற விரல். சுத்தமான கை எது என்று நான் ஒருநாளும் பார்த்து வைத்ததில்லை. முழங்கால் மடிக்க முடியாவிட்டால் நின்றுகொண்டே வாங்கலாம், உங்கள் ஆயரிடம் முன்னால் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கடைசியாக, படுத்துக்கொண்டே ஜெபிப்பது. தாராளமாக. தாவீதே "என் படுக்கையின்மேல் நான் உம்மை நினைக்கும்போது" என்று பாடியிருக்கிறார். பாதியில் தூக்கம் வந்தால் தூங்கிவிடுங்கள். இரண்டு வருடத் தூக்கம் உங்களுக்குப் பாக்கி இருக்கிறது.